நீங்கள் எடுக்கவில்லை, அண்ணி

அண்ணி,

நான் டைப் அடிக்கிற வக்கீல் ஆபீசுக்குப் புதுச் சட்டப் புத்தகம் வந்திருக்கிறது. பிரித்ததும் பசை வாசனை மூக்கில் ஏறியது. கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு, பொய்ப் புகாருக்கு என்ன தண்டனை என்றுதான் முதலில் தேடினேன். ஆறு மாதம் வரை இருந்த சிறையை ஒரு வருடம் வரை ஆக்கியிருக்கிறார்கள். எனக்குச் சந்தோஷம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. நீங்கள் போய்ச் சேர்ந்த பிறகு இது யாருக்கு?

முந்திரித் தோப்பில் கொட்டை பொறுக்கப் போகிறவர்கள் சாயங்காலம் மடியை உதறிக் காட்டிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். அதில் உங்களுக்கு ஒரு குறையும் இருந்ததில்லை. உதறினால் தூசியாவது போகும் என்று சிரிப்பீர்கள். அந்த வருடம் தோப்புக்காரர் வீட்டு மருமகளின் செயின் காணாமல் போனது. அவர் நேரே ஸ்டேஷனுக்கா போனார்? மை போடுகிறவரை வரவழைத்து, களத்தில் ஊரையே கூட்டி வைத்துக்கொண்டு வெற்றிலையில் பார்க்கச் சொன்னார். கையில் பச்சை குத்திய கூலிக்காரிதான் எடுத்தாள் என்றார் மைக்காரர். தோப்பு வேலைக்குப் போனவர்களில் பச்சை குத்தியிருந்தது நீங்கள் மட்டும்தான்.

அதோடு விட்டாரா? வெற்றிலையில் தெரிந்ததைத் தன் கண்ணாலேயே பார்த்ததாக ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தார். காலையில் கூட்டிப் போனவர்கள் பொழுது சாய்கிற வரை உங்களை அங்கேயே உட்கார வைத்தார்கள். அண்ணன் வெளியே நின்று அழுதுகொண்டிருந்தார்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்களே, அதுதான் நடந்தது. மருமகளே செயினைச் செந்துறையில் இருக்கும் தாய்வீட்டில் கொண்டுபோய் வைத்திருந்தாள். விஷயம் தெரிந்ததும் தோப்புக்காரர் புகாரைத் திரும்ப வாங்கிக்கொண்டு, நம் வீட்டுக்கு ஒரு மூட்டை முந்திரி அனுப்பினார். அதை நீங்கள் வாசலைத் தாண்ட விடவில்லை.

"எனக்கு ஒண்ணும் வேணாம் பாப்பா. மை போட்ட அதே களத்துல, அத்தன பேரு முன்னாடி, நான் எடுக்கலன்னு ஒரு வார்த்த சொல்லச் சொல்லு" என்றீர்கள்.

அவர் சொல்லவில்லை. வக்கீல் சாரைக் கேட்டேன். பொய்ப் புகார் என்று கோர்ட்டுக்குப் போக வேண்டியது அதை வாங்கிய போலீஸ்தான், நாம் போக முடியாது என்றார். ஸ்டேஷனுக்குப் போனேன். "அதான் கேஸே இல்லன்னு ஆயிடுச்சே, இன்னும் என்னம்மா?" என்று கேட்டுவிட்டு அதிகாரி டீ குடிக்கப் போய்விட்டார்.

அதன் பிறகு யார் வீட்டுக்குப் போனாலும் கிளம்பும்போது மடியை உதறினீர்கள். என் வீட்டு அடுப்படியில்கூட. நான் சண்டை போட்டால், பழக்கமாயிடுச்சு என்பீர்கள். என்ன பழக்கம் அது?

புத்தகத்தில் இன்னொன்றும் இருக்கிறது. முதல் தடவையாகச் சின்னத் திருட்டில் மாட்டியவன் பொருளைத் திருப்பிக் கொடுத்துவிட்டால், ஜெயிலுக்குப் பதில் ஊருக்குச் சேவை செய்தால் போதும். நல்ல சட்டம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் கெடுத்த பேரைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லும் பிரிவு ஏதாவது உண்டா என்று கடைசி வரை புரட்டினேன். இல்லை. பொய்ப் புகாருக்குப் போலீஸேதான் கோர்ட் ஏற வேண்டும் என்பதும் மாறவில்லை என்று சார் சொல்லிவிட்டார்.

போன மாதம் உங்கள் மகளைப் பெண் பார்க்க ஜெயங்கொண்டத்திலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே, "ஸ்டேஷன் வரைக்கும் போனதா சொன்னாங்களே, அந்த வூடுதானே?" என்று கேட்டார். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். கதவுக்குப் பின்னால் உங்கள் மகள் நின்றிருந்தாள்.

நான் எழுந்து நின்றேன். "ஆமாங்க, அந்த வூடுதான். எங்க அண்ணி எடுக்கல" என்றேன். கூடத்தில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படிதான் சொன்னேன். அவர்கள் காபியைக் குடித்துவிட்டுப் போனார்கள். இதுவரை தகவல் இல்லை. அடுத்து எந்த வரன் வந்தாலும், அவர்கள் கேட்பதற்கு முன்பே நானே சொல்லிவிடுவேன்.