திருத்தாத கடிதம்

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய், கிரேன் கூண்டில் ஏறி உட்கார்ந்து கீழே இருப்பவர்களை அதட்டிக்கொண்டு. போனில் கூப்பிடாதே என்றதற்குக் கோபம் போலிருக்கிறது. என்ன செய்ய? போன் மணி அடித்தாலே நம் கடைசித் தம்பி, சின்னவன், குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்கிறான். கல்லூரிக்குப் போவதை நிறுத்தி மூன்று மாதம் ஆகிறது. பக்கத்து வீட்டில் யாரோ தன்னைத் திட்டுவது கேட்கிறதாம். அந்த வீடு பூட்டிக் கிடக்கிறது.

மனநல மருத்துவரிடம் கூட்டிப்போனேன். "இது ஆரம்பம்தாம்மா. முத்தலாம், முத்தாமலும் போகலாம். மருந்து ஒரு பக்கம். வீட்ல ஓயாம திட்டும் குத்தலுமா இருந்தா முத்தறதுக்கு வாய்ப்பு ஜாஸ்தி. அவன் நம்பற ஆள் ஒருத்தர் இருந்தா அது பெரிய பலம்" என்றார் அந்த அம்மா. யாரை நம்புவாய் என்று அவனிடமே கேட்டார். உன்னைச் சொன்னான். மூன்று வேளையும் சோறு போடுகிற என்னைச் சொல்லவில்லை. எனக்கு வயிறு எரிந்தது, மறைக்க மாட்டேன்.

அவனுக்கு ஒரு கடிதம் எழுது. திட்டாமல் எழுது.

உன் அக்கா

மார்ச் 19

அக்காவுக்கு,

இருபத்திரண்டு வயதுப் பையனின் சோம்பலுக்குப் பெயர் வைக்க ஒரு டாக்டர் வேறா? எல்லாம் நீ கொடுத்த செல்லம். அவன் வயதில் நான் அப்பாவைப் பறிகொடுத்துவிட்டு வேலைக்கு வந்தேன். எனக்கு எந்தக் குரலும் கேட்கவில்லை, அதற்கு நேரமும் இல்லை. இருந்தாலும் நீ சொன்னாயே என்று எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன்.

தம்பி

ஏப்ரல் 2

தம்பி,

அவனுக்கு நீ எழுதியதைத் திருப்பி அனுப்புகிறேன். அச்சகத்தில் பதினாறு வருஷம் பிழை திருத்தியவள், கை சும்மா இருக்குமா? "உருப்படுகிற வழியைப் பார்", அடித்துவிட்டேன். "உன் வயதில் நான்", நாலு இடம், நாலையும் அடித்துவிட்டேன். "அக்காவின் உழைப்பில் தின்றுகொண்டு" என்று ஒன்று, அதை அடிக்கும்போது சிவப்புப் பென்சில் முனை ஒடிந்துவிட்டது. மிச்சம் இருப்பது "அன்புள்ள" என்பதும் உன் கையெழுத்தும்தான்.

சொல்லக் கூடாது என்றிருந்தேன். அவனைத் திட்டுகிற குரல் யாருடையது தெரியுமா? உன்னுடையது. ஞாயிற்றுக்கிழமை போனில் நீ பொழிவதெல்லாம் மற்ற ஆறு நாளும் வார்த்தை பிசகாமல் கேட்கிறதாம். அதை ஸ்பீக்கரில் போட்டுக் கொடுத்தது நான். நான் சொன்னால் மதிக்க மாட்டான், நீ சொன்னால் மதிப்பான் என்று. உன்னால்தான் வந்தது என்று டாக்டர் சொல்லவில்லை, இதற்கு ஆயிரம் காரணமாம். ஆனால் ஏறுவதும் இறங்குவதும் கொஞ்சம் நம் கையிலும் இருக்கிறதாம். மறுபடி எழுது.

அக்கா

ஏப்ரல் 28

தம்பி,

எனக்கு என் மேலேயே ஆத்திரமாக வருகிறது. அவனுக்கு நீ மறுபடி எழுதி அனுப்பிய கடிதத்தையும் நான் விடவில்லை. இங்கொன்றும் அங்கொன்றுமாகத் திருத்தி, சிவப்புக் கோடு தெரியக் கூடாதே என்று அச்சகத்தில் தட்டச்சு செய்து கொடுத்தேன். இரண்டு தரம் படித்தான். "இது நீ எழுதினது. அண்ணன் இப்படிப் பேசவே மாட்டான். என்கிட்ட எதையோ மறைக்கிறீங்க" என்றான்.

ஆறு நாளாக என் கையால் மாத்திரை வாங்க மறுக்கிறான். இதில் விஷம் இல்லை என்று என்ன நிச்சயம் என்று கேட்கிறான். பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்கானது என்பார்களே, அதுதான். இப்படியே போனால் மருத்துவமனையில்தான் சேர்க்க வேண்டும்.

அக்கா

மே 9

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தைக் கூண்டில் உட்கார்ந்து படித்தேன். அன்றைக்கு யாரையும் அதட்டவில்லை. உடம்புக்கு என்ன என்று மேஸ்திரி கேட்டார்.

அப்பா போனதும் உங்கள் இரண்டு பேரையும் விட்டுவிட்டு வந்தவன் நான். அந்த வீட்டில் நானும் ஓர் ஆள் என்று காட்டிக்கொள்ளத் திட்டுவதைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை. பயமாக இருக்கிறது அக்கா.

உள்ளே ஓர் உறை ஒட்டியிருக்கிறேன். பிரிக்காமல் அவனிடம் கொடு. பென்சிலைத் தள்ளி வை.

தம்பி

மே 24

அன்புள்ள தம்பிக்கு,

கொடுத்தேன். குளியலறை வாசலில் நின்றபடியே படித்தான். நடுவில் ஓரிடத்தில் சிரித்தான். இந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு எத்தனை நாளாயிற்று. பிறகு என்னிடம் நீட்டினான்.

"டேய் தவளை, தண்ணி இருக்கற இடமாப் பார்த்துத்தான் ஒளிஞ்சுக்குவியா? உனக்கு அந்தப் பேர் வெச்சது என் தப்பு." கை தானாகப் பென்சிலைத் தேடியது, அடக்கிக்கொண்டேன். கடைசி வரியில், "நான் பேசினது எல்லாத்துக்கும் மன்னிச்சுக்கோடா" என்று எழுதியிருந்தாய்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடாதே. இன்று காலையிலும் அந்தக் குரல் திட்டியதாம். ஆனால் அன்று அவன் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "இது அண்ணன்தான்" என்றான்.

"எப்படிடா சொல்றே?" என்று கேட்டேன்.

"அந்தக் குரல் ஒரு தடவைகூட மன்னிப்புக் கேட்டதில்லக்கா."

மாத்திரைக்குக் கையை நீட்டினான்.

உன் அக்கா