சாவியை எடுத்துவிட்டேன்

அப்பா,

உங்கள் கார் எனக்கு வேண்டும். கேட்கவே கூடாது என்றீர்கள், கேட்டுவிட்டேன். இன்று கால்வே நகரில் எனக்கு லைசென்ஸ் டெஸ்ட்.

ஞாயிறு பூசை முடிந்து ஊரே பார்க்க, சர்ச் மேட்டில் நான் ஓட்டிய வண்டி அணைந்துபோனது உண்மைதான். "பட்டம் வாங்கின மூளைக்கு கிளட்ச் புரியலையாடி? கியர் இல்லாத வண்டியில டெஸ்ட் குடு, உனக்கு அது போதும்!" என்று நீங்கள் பக்கத்திலிருந்து கத்தினால் யாருக்குத்தான் வரும்? எனக்குக் கிடைத்திருக்கும் கால்நடை மருத்துவர் வேலைக்குத் தரும் வேன் கியர் வண்டி. அதை ஓட்டத் தெரியாவிட்டால் வேலையே இல்லை.

ஆட்டுக்கறி ஸ்டியூ அடுப்பில் இருக்கிறது. நாய்க்கு வைத்துவிடாதீர்கள்.

ஓர்லா

பி.கு.: கற்றுக்கொள்பவள் தனியாக ஓட்டக் கூடாதே என்று குதிக்காதீர்கள். அம்மா கூட வருகிறாள். அவளிடமும் லைசென்ஸ் இருப்பதை நீங்கள்தான் மறந்துவிட்டீர்கள். பாஸோ ஃபெயிலோ, அந்த வேலையை விடமாட்டேன். அம்மா ஹார்ன் அடிக்கிறாள், கிளம்பிவிட்டேன்.