காலை மாத்திரை

மார்ச் 4

கடைக்காரருக்கு,

இல்லை, நான் விழவில்லை. விழுந்திருந்தால் சொல்லிக்கொள்ள ஒரு காரணமாவது இருந்திருக்கும். அக்கா வீட்டுக் குளியலறையில் கீழே கிடந்த துண்டை எடுக்கக் குனிந்தேன். முதுகெலும்பில் ஒரு கணு நசுங்கிவிட்டது.

எலும்பு மருத்துவர் என்னைவிடச் சின்னப் பெண். ஸ்டீராய்டு எடுக்கிறீர்களா என்று கேட்டார். சத்தியமாக இல்லை என்றேன். நம் வீட்டில் அதற்குக் 'காலை மாத்திரை' என்றுதானே பெயர். நீங்கள் வைத்த பெயர். உங்கள் மருந்துக்கடையிலிருந்து பெயர் எழுதாத காகித உறையில் கொண்டுவருவீர்கள். தண்ணீர் டம்ளருக்குப் பக்கத்தில் வைப்பீர்கள். ஆறு வருடம்.

கைப்பையிலிருந்த உறையைக் கொட்டிக் காட்டினேன். ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "இதுதாங்க அது" என்றார்.

ஆஸ்துமாவுக்கு முதலில் எழுதிய சீட்டில் ஐந்து நாள் என்றிருந்தது.

எத்தனை மில்லிகிராம், எப்போதிலிருந்து, எந்த மாதங்களில் கூட்டினீர்கள்? எழுதி அனுப்புங்கள். போனில் வேண்டாம். சட்டென்று நிறுத்தினால் உயிருக்கு ஆபத்தாம். அளவு தெரிந்தால்தான் சரியாகக் குறைக்க முடியுமாம்.

மனைவி

மார்ச் 9

அன்பு மனைவிக்கு,

கடிதம் முழுக்க உன் அக்கா வாடை.

மூச்சு விட முடியாமல் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவளை மாடிப்படி ஏற வைத்தது யார்? ஐந்து நாளில் நிறுத்தத்தான் செய்தேன். ஆறாம் நாள் மறுபடி இழுத்தது. கையில் மருந்தை வைத்துக்கொண்டு வேடிக்கை பார்க்க நான் என்ன கல்லா? நாலு பேர் முன்னால் இன்ஹேலர் உறிஞ்ச வெட்கமாக இருக்கிறது என்றது நீ. முகம் உப்பியபோது, "புருஷன் நல்லா வெச்சிருக்காரு" என்று உன் சொந்தக்காரர்கள் மெச்சினார்கள். நீயும் சிரித்தாய்.

அந்த டாக்டரம்மாவுக்கு என் லைசென்ஸ் மேல் என்ன கண்? எழுதித் தர மாட்டேன். வீட்டுக்கு வா. நானே குறைத்துத் தருகிறேன்.

உன் கணவன்

மார்ச் 13

கடைக்காரருக்கு,

சிரித்தேன். எதனால் உப்பியது என்று தெரியாமல் சிரித்தேன். உங்களுக்குத் தெரியும்.

கடைக்கு வருகிறவர்களிடம் நீங்கள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். "ஒரு வாரத்துக்கு மேல வேணாம்மா, எலும்பத் தின்னுடும்." கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து, பாவம், அது ஏதோ பயங்கர மருந்து போல என்று நினைத்துக்கொண்டேன்.

எலும்பு அடர்த்திப் பரிசோதனை முடிவு வந்தது. எனக்கு வயது நாற்பத்தொன்று. எலும்புக்கு எழுபது என்கிறார்.

அளவை எழுதுங்கள்.

மார்ச் 19

இவளே,

இதோடு ஒரு தாள் இருக்கிறது. நீ கேட்டபடி எல்லாம் எழுதியிருக்கிறேன். 'ஆறு ஆண்டுகள் தினமும் பத்து மில்லிகிராம், இழுப்பு மிகுந்த மாதங்களில் இருபது, எடுத்துக்கொள்ளப்பட்டது. நானே கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.' கீழே கையெழுத்துப் போட்டு அதை எனக்குத் திருப்பி அனுப்பு. பிறகு டாக்டரிடம் என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள். விஷயம் நம் வாசலைத் தாண்ட வேண்டாம்.

கணவன்

மார்ச் 25

கடைக்காரருக்கு,

அச்சகத்தில் பிழை திருத்திச் சம்பாதிப்பவள் நான். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன். 'எடுத்துக்கொள்ளப்பட்டது' என்பதில் ஆளே இல்லை. அதை அடித்துவிட்டு 'கொடுத்தேன்' என்று எழுத வேண்டும். 'நானே கேட்டு' என்பதில் அந்த நான் யார்? எழுத்து உங்களுடையது.

கையெழுத்துப் போடவில்லை.

தாளை மருத்துவர் பார்த்தார். மாதக்கணக்கில், கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கப் போகிறார். இன்ஹேலர் பழகிவிட்டேன். நேற்றுப் பேருந்தில், எல்லோர் முன்னாலும். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

என் மூச்சைக் காப்பாற்றினீர்கள். அதை மறுக்கவில்லை. எலும்பை விலையாகக் கொடுக்கச் சம்மதமா என்று ஒருநாள், ஒரே ஒருநாள் கேட்டிருக்கலாம். தெரிந்தே சம்மதித்திருப்பேனோ என்னவோ. அது இனி எனக்கே தெரியப்போவதில்லை.

இன்று காலை பதினொரு மணிக்கு, இடுப்புப் பட்டை கட்டிக்கொண்டு மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்குப் போனேன். புகார் மனுவோடு உங்கள் தாளையும் கொடுத்துவிட்டு, ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொண்டேன்.