மயில்கழுத்துச் சட்டை

மார்ச் 8, சனி

நோர்வூட் டவுனில், சிதம்பரநாதன் முதலாளியின் புத்தகக் கடையில் நின்றபடியே ஒரு பேய்க்கதையை முடித்தேன். போன சனிக்கிழமை பாதி, இன்று மீதி. “புத்தகம் நின்னு படிக்கிறதுக்கு இல்ல புள்ள, வாங்குறதுக்கு” என்றார். வாங்கினவர்கள் எல்லாம் படிக்கிறார்களா முதலாளி என்று கேட்டேன். நீயும் ஒருநாள் நன்றாக வாங்கப் போகிறாய் என்று மர அடிமட்டத்தைத் தூக்கிக் காட்டினார்.

கிளம்பும்போது கணித வினாத்தாள் அடுக்குக்கு நடுவில் ஒரு திருமணப் பொருத்த நூலைச் செருகிவிட்டு வந்தேன். எங்கள் கணித ஆசிரியர் அந்த அடுக்கில்தான் துழாவுவார். பாவம், இன்னும் பெண் அமையவில்லை. ஒரு விடையாவது சரியாக வரட்டும்.

மார்ச் 12, புதன்

தேருக்குச் சட்டை எடுக்கும் காலம் வந்துவிட்டது. எங்கள் தேயிலைத் தோட்டம் இரண்டு பிரிவு, பிரிவைக் கணக்கு என்போம். மலை மேலே இருப்பது மேற்கணக்கு, கீழே எங்கள் பணியக்கணக்கு. நான் கணக்கில் ஃபெயில், ஆனாலும் ஒரு கணக்கில் சேர்த்துவிட்டார்கள். தேர் இழுக்கும் இளைஞர்கள் கணக்குக்கு ஒரு நிறமாகச் சட்டை போடுவார்கள். என்ன நிறம் என்பது தேரன்று காலைவரை ரகசியம். ஒரே நிறத்தில் இரண்டு பக்கமும் வந்து நின்றால் நடுச்சந்தியில் வேட்டியை உருவியது மாதிரி.

ரகசியம் பூரணி அக்காவிடம் இருக்கும். புத்தகக் கடைக்குப் பக்கத்துத் துணிக்கடை அவருடையது. இரண்டு கணக்குக்கும் அவர்தான் கொடுக்கிறார். ஒரு பக்கம் எடுத்துவிட்ட நிறத்தை மறுபக்கம் கேட்டால், “அது முடிஞ்சி போச்சு தம்பி, வேற பாருங்க” என்பார். அதோடு சரி. விஷயம் தெரிந்தவர்கள் மறுபேச்சில்லாமல் வேறு நிறம் பார்ப்பார்கள். இந்த வருஷம் எங்கள் பக்கத்துத் தலைவன் லோஜன். புதுத் தலைவன். அவனுக்கு எது தெரியும்?

மார்ச் 15, சனி

இரண்டு கடைக்கும் நடுவில் வெறும் பலகைச் சுவர்தான். இடுக்கில் கண்ணை வைத்தால் டிக்கெட் இல்லாமல் படம் பார்க்கலாம். இன்றைய படத்தில் மேற்கணக்குத் தலைவன் சிவகரன். மயில்கழுத்து நிறச் சட்டை ஒன்றை விரித்து, அதன்மேல் கையை வைத்தபடி நின்றான். “அம்மாவுக்குப் புடிச்ச கலர் அக்கா. அவங்க போன பொறகு வர்ற மொதத் தேரு.” பூரணி அக்கா மயில்கழுத்தை எல்லாம் பைக்குள் கட்டிவிட்டார்.

அவன் சொன்னதைக் கேட்கக் கொஞ்சம் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் ரகசியம் கைக்கு வந்துவிட்டதே. என் கை எப்போது சும்மா இருந்தது?

மார்ச் 16, ஞாயிறு

பீலியில் தண்ணீர் பிடிக்கப் போனேன். லோஜன் பையன்களைக் கூட்டி நிறம் பேசிக்கொண்டிருந்தான். நானும் வாயைத் திறந்தேன். “ஒனக்கென்னாடி சட்டப் பேச்சு, போயி சட்டியக் கழுவு” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். எங்கள் கிஷாந்த் அண்ணனும்தான்.

லோஜன் யாரையும் சட்டை செய்ய மாட்டான். சரி, நான் அவனுக்குச் சட்டை செய்கிறேன்.

போகிறபோக்கில் சொல்லிவிட்டு வந்தேன்: மயில்கழுத்து போட்டால் நோஞ்சான்கூட மாப்பிள்ளை மாதிரி இருப்பான், மேற்கணக்குக்காரர்களுக்கு அந்த யோசனையே வராது. லோஜன் கண்ணாடி இல்லாமலே தலையைக் கோதிக்கொண்டான்.

மார்ச் 19, புதன்

லோஜன் மயில்கழுத்து கேட்டதற்குப் பூரணி அக்கா ‘முடிஞ்சி போச்சு’ என்றாராம். அந்தக் கடையில் எதுவும் கிடைக்காது என்று லோஜன் புலம்புகிறான். அர்த்தத்தைச் சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். சட்டியைக் கழுவுகிறவளுக்கு எதற்கு?

“ஹட்டன்ல குவிஞ்சி கெடக்கு அண்ணே” என்றேன். அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டான்.

எங்கள் லயத்துக் காம்பிரா அறைக்குள் போய்த் தலையணையைக் கடித்துச் சிரித்தேன். தேரன்று இரண்டு கணக்கும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி வந்து நிற்கும். மானம் போய்ச் சட்டையைக் கழற்றி, வெறும் மேலோடு இழுப்பார்கள். குளிரில் பல் கிட்டும். பார்க்கவேண்டும்.

ஏப்ரல் 5, சனி

அண்ணனின் கண். கடவுளே, கண்ணு.

ஏப்ரல் 6, ஞாயிறு

நேற்றுத் தேர். நடந்ததை எழுதிவிடுகிறேன்.

தேயிலை ஸ்டோர் முடக்கில், ரோடு திரும்புகிற இடத்தில்தான் தேர் கைமாறும். மேற்கணக்கு கயிற்றை விடும், எங்கள் பக்கம் பிடிக்கும். மேலேயிருந்து மயில்கழுத்து இறங்கியது. கீழேயிருந்து மயில்கழுத்து ஏறியது. முதலில் சிரித்தது நான்.

சிவகரன் லோஜனின் நெஞ்சில் கை வைத்தான். “கழட்டுடா.” லோஜன் அவன் அம்மாவை இழுத்து ஒன்று சொன்னான். அதை இங்கே எழுத மாட்டேன். சிவகரனின் நெற்றி லோஜனின் மூக்கில் மோதியது. ரத்தம். தப்பு மேளம் நின்றுவிட்டது.

அப்புறம் கல். தேங்காய். வேலிக் கம்பு. ஒருவன் கவ்வாத்துக் கத்தியோடு வந்தான், தேயிலையை வெட்டுகிற மாதிரியே வீசினான், ஒருத்தனுடைய காது கிழிந்து தொங்கியது. எல்லாம் ஒரே நிறம். எவன் எந்தக் கணக்கு? முதுகைப் பார்த்து அடித்தார்கள். அடிபட்டவன் திரும்பினால் தங்கள் ஆள். விட்டுவிட்டு அடுத்த முதுகுக்குப் போனார்கள். பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தேயிலைக்குள் விழுந்தார்கள்.

அண்ணன் கீழே விழுந்த ஒருத்தனைத் தூக்கக் குனிந்தான். லோஜன் தேர்ச் சக்கரத்துக்குக் கொடுக்கிற முட்டுக்கட்டையை இரண்டு கையாலும் ஓங்கியிருந்தான். அண்ணன் நிமிர்ந்து திரும்பினான். அந்தச் சத்தம்... ஈரமான சத்தம் அது. இன்னும் காதுக்குள்ளேயே இருக்குது.

இடது கண் போய்விட்டது. டாக்டர் சொல்லிவிட்டார்.

ஏப்ரல் 8, செவ்வாய்

ஆஸ்பத்திரியிலிருந்து வரும் வழியில் அம்மாவோடு டவுனில் இறங்கினேன். பூரணி அக்கா கடைக்கு முன்னால் கூட்டம். மேற்கணக்குக்காரர்கள் கண்ணாடியை உடைத்துக்கொண்டிருந்தார்கள். நிறத்தை அவர்தான் எங்கள் பக்கத்துக்கு விற்றுவிட்டாராம். பொம்மைகளைத் தெருவில் போட்டுத் தலையை மிதித்தார்கள். அக்கா ஒரு சட்டையை இழுத்துப் பிடிக்கப் போய், கண்ணாடி உள்ளங்கையைக் கிழித்தது. அப்போதும் அவர் ஒன்றே ஒன்றைத்தான் திருப்பித் திருப்பிச் சொன்னார். “நான் யாருக்கும் சொல்லல தம்பி.”

நான் அம்மாவின் பின்னால் நின்றேன். சொல்லவில்லை.

ஏப்ரல் 10, வியாழன்

அண்ணன் வந்துவிட்டான். பாதி முகம் கட்டு. அடித்தது லோஜன்தான் என்று தெரியுமாம். “அவன் என்னைய அடிக்கலடி. சட்டைய அடிச்சான். அதே சட்டையத்தான் அவனும் போட்டிருந்தான்.”

எல்லாவற்றையும் சொன்னேன். ஒரே மூச்சில். அடிப்பான் என்று கண்ணை மூடிக்கொண்டேன். ஒன்றும் விழவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

“எங்கிட்ட எதுக்குச் சொல்ற? அந்தப் பொம்பள கடையத் தொறந்து வச்சுக்கிட்டு அடி வாங்குது. அங்க போயிச் சொல்லு.”

ஏப்ரல் 12, சனி (அண்ணன் எழுதித் தருகிறான், நான் சொல்கிறேன்)

அக்காவிடம் சொல்லத்தான் டவுனுக்குப் போனேன். வருஷப் பிறப்புக்கு உடுப்பு எடுக்க டவுன் நிறைய ஆள். பூரணி அக்கா உடைந்த கண்ணாடிக்குத் தகரம் அடித்துக் கடையைத் திறந்திருந்தார். ஒருத்தரும் உள்ளே போகவில்லை. எல்லோரும் எதிர்க் கடையில் நின்றுகொண்டு இந்தப் பக்கம் பார்த்தார்கள்.

சிவகரன் ஆட்களோடு வந்தான். ஒருத்தன் கையில் மண்ணெண்ணெய்க் கேன். வாசலிலேயே ஊற்ற ஆரம்பித்துவிட்டான்.

நான் ஓடிப்போய்ப் படியில் நின்றேன். செருப்பெல்லாம் எண்ணெய். நான்தான் லோஜனுக்கு நிறம் சொன்னேன், அக்கா இல்லை என்றேன். சிரித்தார்கள். “இதுவும் பகிடியா? இறங்குடி கீழ.” என் பேச்சை யார் நம்புவது? பொய் சொன்னபோதெல்லாம் நம்பினார்கள்.

அக்காவே பின்னாலிருந்து, “போயிரு புள்ள, எனக்காகப் பொய் சொல்லாத” என்றார்.

அப்போதுதான் அதைச் சொன்னேன். வேறு வழி இல்லை. “சட்டைய விரிச்சுக் கைய வச்சுக்கிட்டு நின்னீங்க. அம்மாவுக்குப் புடிச்ச கலருன்னீங்க. பலக இடுக்கால நான் பாத்துக்கிட்டு இருந்தேன். கேட்டுட்டுத்தான் செஞ்சேன்.”

சிவகரனின் முகம் சின்னப் பையன் முகம் மாதிரி ஆனது. அடுத்த நொடி அவன் கையிலிருந்த கம்பு வந்தது. தலைக்குத்தான் வந்தது, கையைக் குடுத்தேன். எலும்பு ஒடிவது எனக்கே கேட்டது. இரண்டாவது அடி தோளில். விழுந்தேன், வாய்க்குள் மண்ணெண்ணெய். மூன்றாவதற்கு ஓங்கியவனைச் சிதம்பரநாதன் முதலாளி பின்னாலிருந்து கட்டிப் பிடித்தார். அவர் பல்லும் போனது. எதிர்க் கடையில் நின்ற பெண்கள் அப்புறம்தான் ஓடி வந்தார்கள். தீப்பெட்டி வைத்திருந்தவன் அதைக் காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு பின்னால் நகர்ந்தான்.

(அண்ணன்: இதற்கு மேல் நான் எழுத மாட்டேன்.)

ஏப்ரல் 14, திங்கள்

இடது கை எழுத்து. சிவகரனும் லோஜனும் ரிமாண்டில். ஒரே அறையாம். யாரும் சிரிக்கவில்லை, நானும்.

ஏப்ரல் 17, வியாழன்

அண்ணன் தேநீரைக் கோப்பைக்கு வெளியே ஊற்றினான். தூரம் தெரியவில்லையாம். நான் துடைத்தேன்.

ஏப்ரல் 20, ஞாயிறு

அம்மா டவுனுக்குப் போய் வந்தாள். பூரணி அக்கா கடையில் ஆட்கள் நிற்கிறார்களாம். மேற்கணக்குப் பெண்களும். அம்மாவைக் கண்டதும் அக்கா ஒரு பொதியை நீட்டினாராம்.

பிரித்தேன். வெள்ளைச் சட்டை. வலது கையைத் தோள்வரை பிரித்து, ஓரம் மடித்து, வரிசையாக அமுக்குப் பொத்தான் வைத்துத் தைத்திருக்கிறார். கட்டுப் போட்ட கை நுழைவதற்கு. உள்ளங்கையில் தையல் போட்ட கையோடு எப்படி ஊசி பிடித்தாரோ.

அவர் சொன்னதை அம்மா சொல்லத் தயங்கினாள். கேட்டு வாங்கினேன்.

“கட்டப் பிரிச்சதும் கையச் சேத்துத் தச்சிருங்க, துணி விட்டிருக்கேன். வேணுங்கிறதுக்கு நீங்க வாங்க. அவள மட்டும் என் கடைக்கு அனுப்பாதீங்க.”

நான் பள்ளிக்குப் போட்டுப் போக வேறு சட்டை இல்லை. இருந்ததெல்லாம் இந்தக் கைக்கு ஏறாது. அம்மா ஒவ்வொரு பொத்தானாக அமுக்கினாள். அளவு சரியாக இருந்தது.