அவசரப்படுத்திய மெயில்

ஆடி, செவ்வாய்க்கிழமை இரவு.

மருமகள் கோமதி ஆன்லைனில் பி.ஏ. படிக்கிறாள். நாளை பரீட்சை. மாலையில் அவள் மாவு கரைத்துக்கொண்டிருந்தபோது போனில் மெயில் வந்தது.

"கையெல்லாம் மாவு. என்னன்னு வாசிங்க மாமா" என்றாள்.

எழுத்துக் கூட்டி வாசித்தேன். பல்கலைக்கழகம் அனுப்பியதாம். ஒரு மணி நேரத்துக்குள் நீல வரியைத் தொட்டு பாஸ்வேர்டு கொடுக்காவிட்டால் பரீட்சை எழுத முடியாதாம்.

"ஐயையோ! சீக்கிரம் தொடுங்க மாமா, பாஸ்வேர்டை நான் சொல்லுதேன்" என்று பதறினாள்.

எனக்குக் கை போகவில்லை. நான் கைநாட்டு வைத்த காலத்தில், காகிதத்தை நீட்டி ஏமாற்றியவர்களும் இப்படித்தான் அவசரப்படுத்தினார்கள்.

"பொறும்மா. அது அவுக குடுத்த பாஸ்வேர்டுதான? குடுத்தவுகளே எதுக்குக் கேக்காவ?" என்றேன்.

அவள் கையைக் கழுவிவிட்டுப் படிப்பு மையத்துக்குப் போன் போட்டாள். தாங்கள் யாரிடமும் பாஸ்வேர்டு கேட்பதில்லை, அது திருட்டு மெயில், உடனே அழித்துவிடுங்கள் என்றார்கள். மெயிலைத் தொடாமல், எப்போதும் போகும் வழியில் பல்கலைக்கழக இணையப் பக்கத்தைத் திறந்தாள். எல்லாம் சரியாக இருந்தது.

"இனி உங்களைக் கைநாட்டுன்னு எவனாவது சொல்லட்டும், பாத்துக்கிடுதேன்" என்று சிரித்தாள்.

எழுத்து சொல்லித் தந்த முதியோர் வகுப்பு டீச்சர் நன்றாக இருக்க வேண்டும். உள்ளே கோமதி சத்தமாகப் பாடம் படிக்கிறாள். இந்த வீட்டில் இப்போது இரண்டு பேர் படிக்கிறோம்.