யூட்டைத் தெரியாத கடல்

மச்சான்,

நேற்றுப் பின்னேரம் பேத்தியின் நீச்சல் பையைத் திறந்தேன். பள்ளிக்கூடத்தில் ஏதோ ஓர் ஏரிக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். வந்தவள் பையை மூலையில் எறிந்துவிட்டுத் தொலைபேசியோடு போய்ப் படுத்துவிட்டாள். ஈரத் துவாய் உள்ளேயே கிடந்தால் பூஞ்சணம் பிடிக்குமே என்று நான்தான் எடுத்தேன். நீச்சல் குளத்து மருந்து மணக்கும் என்று நினைத்திருந்தேன். பாசியும் சேறும் நாணலும் கலந்த மணம் மூக்கில் அடித்தது. துவாயைக் கையில் பிடித்தபடி குளியலறைக் கதவில் சாய்ந்து நின்றுவிட்டேன். மருமகள் வந்து, "என்ன மாமா, தலை சுத்துதோ?" என்று கேட்டாள். ஓம் என்றேன். வேறு என்னத்தைச் சொல்ல?

நீ போய் ஒரு மாதத்துக்கு மேலாகிறது. உயிரோடு இருந்தவரைக்கும் உனக்கு நான் ஒரு வரி எழுதியதில்லை. டோர்ட்மண்டில் அடுத்த தெருவில் இருந்தவனுக்கு யார் மடல் எழுதுவார்கள்? சனிக்கிழமை வருவாய், தேத்தண்ணியில் சீனி காணாது என்பாய், அரசியல் பேசிச் சண்டை பிடித்துவிட்டுப் போவாய். இப்போது சனிக்கிழமை வந்தால் வீடே எனக்குப் பிடிப்பதில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

அந்த மணம் என்னை எண்பத்தாறாம் ஆண்டுக் கோடைக்குக் கொண்டுபோனது. அப்போது நாங்கள் வடக்கே, பால்டிக் கடலுக்கு அவ்வளவு தூரமில்லாத ஒரு சின்ன ஊரில், மூடிக் கிடந்த பழைய ஹோட்டல் ஒன்றில் இருந்தோம். அகதி விண்ணப்பம் போட்டவர்களை அங்கேதான் அடைத்து வைத்திருந்தார்கள். அடைத்து என்று சொன்னால் நீ சண்டைக்கு வருவாய். "கதவு திறந்துதானே கிடந்தது" என்பாய். திறந்துதான் கிடந்தது. ஆனால் அனுமதி இல்லாமல் அந்த மாவட்ட எல்லையைத் தாண்ட முடியாது, வேலை செய்ய முடியாது. ஒரே அறையில் எதிரெதிர்க் கட்டிலில் படுத்துக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நான் யாழ்ப்பாணத்துச் செம்மண் ஊர்க்காரன், கிணற்றைத் தவிர வேறு தண்ணீர் அறியாதவன். நீ மன்னார்க் கரையில் பிறந்தவன். என்னைக் கிணத்துத் தவளை என்று கூப்பிட்டாய். நான் உன்னைக் கருவாடு என்றேன். அப்படித்தான் பழக்கமானோம்.

அந்த வருடத் தொடக்கத்தில் உன் தம்பி யூட் கடலுக்குப் போய்த் திரும்பி வரவில்லை என்று செய்தி வந்தது. படகும் வரவில்லை, பலகைத் துண்டும் வரவில்லை. சுட்டார்கள் என்றார்கள் சிலர், பிடித்துக்கொண்டு போனார்கள் என்றார்கள் சிலர். சில மாதம் பொறுத்துவிட்டு உன் அம்மா எழுதினா: தம்பியின் ஆத்துமத்துக்கு ஒரு பூசை ஒப்புக்கொடு மகன். நீ மூத்தவன், நீ ஒப்புக்கொடுத்தால்தான் அவ மனம் ஆறுமாம்.

நீ ஒப்புக்கொள்ளவில்லை. "பூசை ஒப்புக்குடுத்தா அவன் செத்திட்டான் எண்டு நானே கையெழுத்து வைக்கிற மாதிரியடா," என்றாய். "நான் நிக்கவேண்டிய வள்ளத்திலை அவன் நிண்டவன். நான் இஞ்சை ஓடி வந்தபடியாத்தான் அவன் போனவன். கடலைக் கேக்காமல் நான் ஒண்டும் செய்யமாட்டன்."

கடலைக் கேட்பது எப்படி என்று எனக்கு விளங்கவில்லை. உன் முகத்தைப் பார்த்துவிட்டு நான் கேட்கவுமில்லை.

அப்படி இருக்கும்போதுதான் ஃபிராவ் பீட்டர்சன் வந்து சேர்ந்தா. ஊர்ச் சுவிசேஷக் கோயிலிலிருந்து எங்களுக்கு உடுப்பும் உருளைக்கிழங்கும் கொண்டுவருகிற வயதான மனுசி. பாவம், பொடியள் அறைக்குள்ளேயே அழுகிப் போகிறார்கள் என்று கோயில் வான் வண்டியை இரவல் வாங்கி, ஒரு சனிக்கிழமை காலையில் எங்கள் இரண்டு பேரையும் வெளியே கூட்டிப்போக ஏற்பாடு செய்தா. மத்தியானத்துக்குப் பிறகு வானைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். முதலில் "ஸே", பிறகு பழங்காலத்துக் கற்கள், பிறகு ஒரு மடம் என்று விரல் விட்டுச் சொன்னா.

ஸே என்ற சொல்லைக் கேட்டதும் நீ எழும்பி நின்றாய். உன் குட்டி ஜெர்மன் அகராதியில் அந்தச் சொல்லுக்கு நேரே முதலில் கடல் என்றுதான் போட்டிருந்தது. அதற்குப் பிறகு என்ன போட்டிருக்கிறது என்று பார்க்க உனக்குப் பொறுமை ஏது?

அன்று காலை நீ முகம் வழித்து, அகதி வழக்குக்கு நீதிமன்றம் போகவென்று வைத்திருந்த வெள்ளைச் சட்டையைப் போட்டாய். நான் சாப்பிடப் பாணை நீட்டினேன். "வேண்டாம். இண்டைக்கு ஒருசந்தி," என்றாய். குளிக்கப் போகிறவன் ஏன் வெள்ளைச் சட்டையும் விரதமுமாக வருகிறான் என்று ஃபிராவ் பீட்டர்சன் யோசித்திருப்பா. வழி முழுக்க வான் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு வந்தாய்.

பெரிய தண்ணீர்தான். அக்கரை மங்கலாகத் தெரிந்தது. வான் நின்றதும் நீ சப்பாத்தைக் கழற்றி எறிந்துவிட்டு இடுப்பளவுக்கு இறங்கி, இரண்டு கையாலும் அள்ளி வாயில் விட்டாய். பிறகு அப்படியே நின்றாய். தாராக் கூட்டம் ஒன்று உன்னைச் சுற்றிக்கொண்டு போனது.

"உப்பில்லையடா," என்றாய். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, தண்ணீரைப் பார்த்துச் சொன்னாய். "டேய், உப்பில்லையடா."

ஃபிராவ் பீட்டர்சன் நீ தாகத்தில் குடிக்கிறாய் என்று நினைத்து, எலுமிச்சம் சோடாப் போத்தலைத் தூக்கிக்கொண்டு கரை வரை ஓடிவந்தா. ஸே, ஸே என்று நீ கத்தினாய். அவ ஒன்றும் புரியாமல் ஓமோம், ஸேதான் என்று தலையாட்டினா. கடைசியில் அவ கையால் அலை போட்டுக் காட்டியபோதுதான் எங்களுக்கு விளங்கியது. டெர் ஸே என்றால் ஏரி, டீ ஸே என்றால் கடல். சொல் ஒன்றுதான். ஆணாக இருந்தால் ஏரி, பெண்ணாக இருந்தால் கடல். எங்கள் தமிழில் ஏரிக்கும் கடலுக்கும் ஆண் ஏது, பெண் ஏது? டெர், டீ, டாஸ் எல்லாவற்றையும் வீண் சுமையென்று விட்டுவிட்டுத்தானே நாங்கள் டொச்சு கதைத்தோம்.

நீ சிரிக்கத் தொடங்கினாய். "கடல் பொம்பிளை எண்டு எனக்குத் தெரியாதே மச்சான்? கடல் தாய் எண்டுதானே சொல்லுறம்!" சிரிப்பு நிற்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அது அழுகை என்று தெரிந்தது. நான் முழங்கால் தண்ணீருக்கு மேல் வரப் பயந்து, உன்னைத் தொட எட்டாமல் நின்றேன். ஃபிராவ் பீட்டர்சன் பூப்போட்ட ரப்பர்த் தொப்பியைத் தலையில் மாட்டிக்கொண்டு உன்னைக் கடந்து நீந்திப் போனா. சிறிது தூரம் போய்த் திரும்பி, "கொம்!" என்று கூப்பிட்டா. மரியாதைக்காக நீயும் போனாய், வெள்ளைச் சட்டையோடேயே. அந்தத் தண்ணீரில் நீ நீந்திய அழகை இன்றைக்கும் என்னால் சொல்ல ஏலாது. முன்பின் தெரியாத ஒரு நாட்டுக் கிழவியும் நீயும் அக்கம்பக்கமாகப் போனீர்கள். திரும்பி வரமாட்டாயோ என்று இரண்டு தலையையும் எண்ணிக்கொண்டு நின்றேன்.

வந்தாய். அவ கொண்டுவந்த துவாயால் துவட்டிக்கொண்டாய். அந்தத் துவாயில்தான் நேற்று வந்த மணம்.

அதற்குப் பிறகு கற்களைப் பார்க்கப் போனோம். கோதுமை வயலுக்கு நடுவே ஆளுயரப் பாறைகளை நட்டு, மேலே ஒரு பெரிய கல்லை மூடியாக ஏற்றி வைத்திருந்தார்கள். கிறிஸ்துவுக்கும் முந்திய ஆட்கள் தங்கள் செத்தவர்களுக்குக் கட்டியது என்று ஃபிராவ் பீட்டர்சன் கையாலும் வாயாலும் விளக்கினா. நீ குனிந்து உள்ளே போய்க் குந்தினாய். கனநேரம் வரவில்லை. நான் எட்டிப் பார்த்தேன்.

"இவையளுக்கு வைக்கிறதுக்கு ஒரு உடம்பு இருந்திருக்கு," என்றாய்.

"வா வெளியாலை. குளிர் பிடிக்கப் போகுது."

"பொறு. அம்மா சொல்லுறது சரியோ தெரியேல்லையடா. ஒரு பூசையைச் சொல்லிவிட்டா அவனுக்கும் இருக்க ஒரு இடம் கிடைக்கும். இப்ப அவனுக்கும் இடமில்லை, எனக்கும் இடமில்லை."

மடம் என்று கேட்டதும் நீ அதனால்தான் அவசரப்பட்டாய். நாங்கள் இருந்த அந்தச் சின்ன ஊரில் கத்தோலிக்கக் கோயில் இல்லை. மடத்தில் ஒரு சுவாமி இருப்பார், கையோடு கேட்டுவிடுவோம் என்று முடிவெடுத்துவிட்டாய். செங்கல்லால் கட்டிய பெரிய மடம். உள்ளே நுழைந்ததும் ஈர உடுப்போடு முழந்தாளிட்டுச் சிலுவை போட்டாய். எழும்பி, வாசலில் அனுமதிச் சீட்டு விற்ற பெண்ணிடம் "வோ பாட்டர்?" என்று கேட்டாய், சுவாமி எங்கே என்று. அந்தப் பெண் மிக மரியாதையாகச் சொன்னாள்: பாட்டர் இல்லை. இந்தப் பக்கம் புரட்டஸ்தாந்து மதத்துக்கு மாறிய காலத்திலேயே, சில நூறு வருடத்துக்கு முன்பே, எல்லோரும் போய்விட்டார்கள். இப்போது இது பார்க்கிற இடம் மட்டும்தான்.

"ஏரிக்குக் கடல் எண்டு பேர், சாமியில்லாத இடத்துக்கு மடம் எண்டு பேர்," என்றாய் நீ. "நல்ல நாடு மச்சான்."

நான்தான் அப்போது ஃபிராவ் பீட்டர்சனைத் தூணுக்குப் பக்கத்தில் நிறுத்தி, எனக்குத் தெரிந்த டொச்சு எல்லாவற்றையும் கொட்டினேன். எல்லாம் என்றால் நாலைந்து சொல். அவன்ரை ப்ரூடர். போட். டீ ஸே. நிஃக்ட் சூரூக். தம்பி, படகு, கடல், திரும்பவில்லை. அவ ஒரு நிமிடம் என்னைப் பார்த்தா. பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தா. வீட்டுக்குத் திரும்புகிற சந்தியில் வானை மற்றப் பக்கம் திருப்பினா. அந்த மனுசியை நான் இன்றைக்கும் நினைப்பது அதற்காகத்தான்.

கடல் வந்தது. இந்த முறை உண்மையாகவே கடல். அக்கரை இல்லை. மணலில் பிரம்பால் பின்னிய மூடு நாற்காலிகளில் சனம் உட்கார்ந்து புத்தகம் வாசித்துக்கொண்டிருந்தது. நீ அவர்களுக்கு நடுவால் நடந்தாய். நானும் உனக்குப் பின்னால் வந்தேன். முழங்கால் நனைந்தபோது பயம் வரவில்லை. நீ அண்ணாந்து மூச்சை இழுத்தாய். கரையிலிருந்து வள்ளத்தைக் கூப்பிடுகிற மாதிரி இரண்டு கையையும் வாயருகே கொண்டுபோனாய். யூட்டைக் கூப்பிடப் போகிறாய் என்று நினைத்தேன்.

நீ கூப்பிடவில்லை. கையை இறக்கி, ஒரு விரலை நனைத்து நாக்கில் வைத்தாய். பிறகு ஒரு மிடறு அள்ளிக் குடித்தாய். என்னைத் திரும்பிப் பார்த்தபோது உன் முகம் மாறியிருந்தது.

"இதிலையும் உப்பில்லையடா. ஒரு கறிக்குக் காணாது."

நானும் நக்கிப் பார்த்தேன். உண்மைதான். கண்ணீரில் இருக்கிற உப்புத்தான் இருந்தது. பால்டிக் அப்படித்தான், ஆறுகள் நிறைய விழுகிற கடல் என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு அது எங்களுக்குத் தெரியாது.

"கேளன்," என்றேன். "கடல்தானே. எல்லாம் ஒரே தண்ணிதானே."

"இல்லை. இது எங்கடை கடலோடை சேராத கடல். இதுக்கு யூட்டைத் தெரியாது." நீ அதைச் சொன்னபோது உன் தோள் இறங்கியது, மச்சான். சுமை இறக்கினவன் போல நின்றாய். "தெரியாததிட்டைக் கேட்டு என்ன பிரயோசனம்? வா, மனுசிக்கு நேரம் போகுது."

திரும்பும்போது வானில் அவித்த முட்டை இரண்டைச் சாப்பிட்டாய். பூசையைப் பற்றிப் பிறகு பேசவில்லை. அன்றைக்கு எனக்கு உன் மேல் கோபம்தான் வந்தது. இவ்வளவு தூரம் வந்து, ஒரு கிழவியின் கையைக் காலைப் பிடித்து, கடைசியில் உப்பைச் சாட்டி ஓடிவிட்டானே என்று நினைத்தேன்.

பிறகு எத்தனையோ கோடை போனது. விசா கிடைத்தது, கலியாணம் கட்டினாய், உணவகத்துக் குசினியில் முதுகு உடைய வேலை செய்தாய். உன் அம்மா எழுத்திலும் தொலைபேசியிலும் அந்தப் பூசையைக் கேட்டுக்கொண்டே இருந்து, கேட்டபடியே கண்ணை மூடினா. சமாதான காலத்தில் நீ மன்னாருக்குப் போய் வந்தாய். விமான நிலையத்திலிருந்து உன்னை ஏற்றி வந்த காரில் நான் கேட்டேன்: "கடலைக் கேட்டியோ?" நீ வீதியைப் பார்த்துக்கொண்டு, "கரைக்குப் போகேல்லை," என்றாய். அந்த ஊரில் உன் வீட்டு வாசலில் நின்றால் கடல் கேட்கும் என்று நீதான் எனக்குச் சொன்னவன். உனக்குப் பதில் வேண்டியிருக்கவில்லை என்று எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. என் கோபமும் அந்தக் காருக்குள்ளேயே போய்விட்டது.

போன ஞாயிறு உன்னுடைய முப்பத்தோராம் நாள் பூசை. நான் திருநீற்றை அழிக்காமலேயே கோயிலுக்கு வந்தேன், நீ இருந்தால் சிரித்திருப்பாய். பூசைக்கு முன்பு உன் மகள் என்னிடம் ஓடி வந்தாள். உன் கண்தான் அவளுக்கு. பின்னால் சுவாமியார் பேனையோடு நின்றார்.

"மாமா, இண்டைக்கு மெஸ்ஸேயிலை யூட் சித்தப்பாவின்ரை பேரையும் சேத்து வாசிக்கச் சொல்லட்டோ? அப்பம்மா அதுக்காண்டி எவ்வளவு அழுதவா. இப்ப ரெண்டு பேரும் ஒண்டா இருக்கட்டுமே."

நல்ல பிள்ளை. அவள் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. உன் அம்மாவின் முகம் எனக்கு முன்னால் வந்தது. ஓம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"வேண்டாம் பிள்ளை," என்றேன். "அப்பாவின்ரை பேர் மட்டும் காணும்."

"ஏன் மாமா?"

"சித்தப்பா இன்னும் கடலாலை வரேல்லை."

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். கிழவனுக்கு அறளை பெயர்ந்து புத்தி தடுமாறிவிட்டது என்று நினைத்திருப்பாள். சுவாமியார் உன் பெயரை மட்டும் எழுதிக்கொண்டு போனார். அதை அவர் பீடத்திலிருந்து வாசித்தபோது நான் வாய்விட்டு அழுதேன் மச்சான், பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்க.

யூட்டை நான் ஒருநாளும் கண்டதில்லை. ஒரு படம்கூட நீ காட்டியதில்லை. கறுவலோ, சிவலையோ, உன்னைப் போல் நெட்டையோ, ஒன்றும் தெரியாது. இவ்வளவு காலமும் அவன் வருகிற வழியைப் பார்த்துக்கொண்டிருக்க நீ இருந்தாய். இனி நான் ஒருவன்தான்.