திங்கட்கிழமைக்குள் என் லைசென்ஸை ரத்துச் செய்யவேண்டி

மனுதாரர்:
சி. இராமையா, வயது 34, லொறிச் சாரதி,
குருவிமலைத் தோட்டம், மேல் டிவிசன், அப்புத்தளை.

சமுகம்:
ஊவா மாகாண அரசாங்க ஏஜண்டு துரை அவர்கள்,
கச்சேரி, பதுளை.

விஷயம்: எனது மோட்டார் லைசென்ஸை வருகிற 19-11-1923 திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு முன் ரத்துச் செய்வதும், காலஞ்சென்ற முருகையாவின் மரண விசாரணையில் நான் சொன்ன பொய்யைத் திருத்துவதும் பற்றியது.

கனம் பொருந்திய ஐயா,

லைசென்ஸ் வேண்டுமென்று தங்களிடம் மனுச் செய்கிறவர்கள் அநேகர் இருப்பார்கள். என்னிடமுள்ளதைப் பறித்துக்கொள்ளும்படி நான் கேட்கிறேன். மிஷன் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். பஜாரில் மனு எழுதுகிறவரிடம் போனால் செய்தி எனக்கு முன்னால் தோட்டத்துக்குப் போய்விடும் என்று பயந்து, நானே எழுதுகிறேன். பிழைகளைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

1. நான்கு வருஷமாகத் தோட்டத்து லொறியை ஓட்டுகிறேன். தேயிலைப் பெட்டிகளை அப்புத்தளை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோவதும், அரிசி மூட்டைகளோடு திரும்புவதும் என் வேலை. வழியெல்லாம் ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பள்ளம். பாதி நாள் பனிமூட்டத்தில் முன் சக்கரமே தெரியாது. அப்படியும் ஒரு கோழியைக்கூட நான் அடித்ததில்லை. ஓட்டத் தெரியாதவன் என்று தாங்கள் நினைத்துவிடக் கூடாதென்றே இதை எழுதுகிறேன்.

2. போன மே மாதம் ஸ்டோர் வாசலில் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தபோது நெஞ்சுக்குள் ஏதோ படபடத்து, பிறகு ஒன்றுமே இல்லாமல் போயிற்று. கண் விழித்தபோது தரையில் கிடந்தேன். லொறியில் சுமை ஏற்றி இறக்கும் முருகையா அண்ணன் என் முகத்தில் தண்ணீர் தெளித்து, "என்னா தம்பி, கண்ணு சொருகிப் போச்சு?" என்றார். காலையில் சாப்பிடவில்லை என்று சமாளித்தேன். ஜூன் மாதம் அதுவே ரோட்டில் வந்தது. வளைவில் திரும்பியது ஞாபகம் இருக்கிறது. அதற்கடுத்த ஞாபகம், பள்ளத்து விளிம்புப் புல்லில் நிற்கும் முன் சக்கரமும், பிரேக் கம்பியை இழுத்துப் பிடித்திருந்த முருகையா அண்ணனின் கையும்தான். நடுவில் எவ்வளவு நேரம் போயிற்று என்று எனக்குத் தெரியாது. வலி இல்லை ஐயா. வலி இருந்தால் வண்டியை ஓரமாக நிறுத்தியிருப்பேன்.

3. ஜூலையில் பதுளை ஆஸ்பத்திரிக்கு வந்தேன். டாக்டர் ஐயா ஒரு கையைப் பிடித்துப் பார்த்தார்; நம்பாமல் மறு கையையும் பிடித்தார். நாடி நிமிஷத்துக்கு முப்பத்து நான்குதான் அடிக்கிறது, சில சமயம் ஆறேழு எண்ணும் வரை அடியே இல்லை, இருதயத்தின் தாளம் கெட்டிருக்கிறது என்றார். இனி லொறியில் கை வைக்கக் கூடாது என்று தோட்டத்துத் துரைக்கு ஒரு கடிதமும் எழுதிக் கொடுத்தார். அதை என் கையாலேயே துரையிடம் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு மேசை இழுப்பறைக்குள் வைத்தார். தோட்டத்து மருந்துக்காரரை அழைத்து என்னைப் பார்க்கச் சொன்னார். அவர் என் கையை அரை நிமிஷம் பிடித்துவிட்டு, "இவன் பயந்தாங்கொள்ளி, உடம்புக்கு ஒண்ணுமில்ல" என்றார். தோட்டத்தில் வேறு சாரதி இல்லை. மறுநாள் காலை லொறியில் ஏறினேன்.

4. அதுவரை பின்னால் பெட்டிகள்மேல் உட்கார்ந்து வரும் முருகையா அண்ணன், அன்று முதல் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஏன் என்று நான் கேட்கவில்லை. "பேசிக்கிட்டே வா தம்பி" என்பார். வீட்டில் என்ன குழம்பு, கன்றுக்கு என்ன பேர், மாமியார் ஊர் எது என்று வழி முழுக்கக் கேட்டுக்கொண்டே வருவார். என் பதில் கொஞ்சம் தாமதித்தால் அவர் கை பிரேக்கை இழுத்துவிடும். செப்டம்பர் முடிவதற்குள் அப்படி நான்கு தடவை இழுத்திருக்கிறார். இறங்கியபின் யாரிடமும் அதைப்பற்றிப் பேசமாட்டார்.

5. அக்டோபர் இரண்டாந்தேதி செவ்வாய்க்கிழமை நல்ல மழை. என் சம்சாரம் பாக்கியலெட்சுமிக்குக் காய்ச்சல் விட்டுவிட்டதா என்று அவர் கேட்டார். நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். பிறகு பார்க்கையில் தேயிலைச் செடிகளுக்குள் கிடந்தேன், காதில் ரத்தம். லொறி கீழே பள்ளத்தில் கவிழ்ந்திருந்தது. முருகையா அண்ணன் அதன் அடியில் கிடந்தார். லொறியைத் தூக்கியபோது நான் கண்ணால் பார்த்தேன்: பிரேக் கம்பி கடைசிவரை இழுபட்டிருந்தது. சேற்றில் சக்கரம் நிற்கவில்லை. அவர் பக்கம் கதவு கிடையாது. குதிக்க நினைத்திருந்தால் குதித்திருக்கலாம்.

6. மரண விசாரணைக்கு முந்தின நாள் தோட்டத்துப் பெரிய கிளாக்கர் என்னை ஆபீஸுக்குக் கூப்பிட்டார். முருகையா குடித்துவிட்டு ஸ்டீரிங்கைப் பிடித்து இழுத்ததாகச் சொல்லச் சொன்னார். "செத்தவனுக்கு இனி என்ன ஆகப்போகுது? உள்ளதைச் சொன்னா தூக்குல தொங்கப்போறது நீதான்" என்றார். டாக்டர் ஐயாவின் கடிதத்தைப் பற்றிக் கேட்டேன். அப்படி ஒரு கடிதம் வரவே இல்லை என்றார். சாராயத்தை ஒருநாளும் தொட்டறியாத மனுஷரைக் குடிகாரர் என்று நான் சொன்னேன், கையெழுத்தும் போட்டேன். அது என் குற்றம். அதற்கு நான் வேறு யாரையும் காரணம் சொல்லவில்லை.

7. இப்போது புது லொறி வந்துவிட்டது. வருகிற திங்கள் முதல், காலையில் பேர் கூப்பிடும் பெரட்டு முடிந்ததும் கொழுந்து பறிக்கிற பெண்கள் முப்பத்திரண்டு பேரை ஐந்து மைல் கீழே உள்ள டிவிசனுக்கு நான் ஏற்றிப்போக வேண்டுமென்று உத்தரவு. என் பக்கத்து இடத்தில் கொழுந்துச் சாக்குகளை அடுக்க வேண்டுமாம். ஆள் உட்காரக் கூடாதாம். முடியாது என்றேன். அப்படியானால் முருகையாவைக் கொன்றவன் இவன்தான் என்று பொலிசுக்கு எழுத வேண்டிவரும் என்று கிளாக்கர் மூலம் பதில் வந்தது. இந்த வாரத்தில் மட்டும் இரண்டு தடவை வீட்டில் விழுந்தேன். இரண்டாவது தடவை பதினொன்று எண்ணும் வரை நான் அசையவில்லை என்று என் சம்சாரம் அழுதாள்.

8. புதன்கிழமை சாயங்காலம் முருகையா அண்ணனின் மனைவி இராக்கம்மா குடியிருக்கும் தோட்டத்து லயக் காம்பராவுக்குப் போனேன். வாசலில் நின்றே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மிளகாய் ஆய்ந்துகொண்டிருந்தார், கையை நிறுத்தவில்லை. "எனக்குத் தெரியும் தம்பி. உனக்கு நெஞ்சு நின்னு நின்னு போகுது, பிரேக்கைப் பிடிக்க ஆள் வேணும்னு சொல்லிட்டுத்தான் அவரு முன்னால ஏறுனாரு. வேணாம்னு நான் சண்டை போட்டேன். அவரு செத்தது விதின்னு இருந்துட்டேன். குடிகாரன்னு நீ சொன்னதைத்தான் என்னால தாங்க முடியலை" என்றார். நான் காலில் விழப் போனேன். விலகிக்கொண்டார். பிறகு, "திங்கக்கிழமைப் பேருப் பட்டியல்ல நானும் இருக்கேன். வேலைக்குப் போகாட்டி இந்தக் காம்பராவைப் புடுங்கிக்குவாங்க. நீ ஓட்டுனா நான் ஏறித்தான் ஆகணும்" என்றார்.

அன்றிரவு எனக்குத் தூக்கமில்லை. மறுநாள் இராக்கம்மா மதினியும் நானும் பதுளைக்குப் புறப்பட்டோம்.

9. ஆகையால் தங்களிடம் நான் வேண்டிக்கொள்வது: என் லைசென்ஸை இந்த உறைக்குள்ளேயே வைத்திருக்கிறேன், அதை எனக்குத் திருப்பித் தரவேண்டாம். அது ரத்தானது என்று திங்கள் காலைக்குள் தோட்டத்துக்கு உத்தரவு போகவேண்டும். இல்லாவிட்டால் ஓடிப்போனவன் என்று என்னைப் பிடித்துவந்து மறுபடியும் அந்த இருக்கையில் ஏற்றுவார்கள். ஆஸ்பத்திரிப் புத்தகத்தில் ஜூலை மாதத்தில் என் பேர் இருக்கும். டாக்டர் ஐயாவைக் கேட்டால் கடிதம் எழுதியதைச் சொல்வார். முருகையா குடிகாரர் என்ற பதிவை நீக்கவேண்டும். அவருடைய மனைவியைக் காம்பராவிலிருந்து யாரும் வெளியேற்றாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

எனக்காக நான் எதையும் கேட்கவில்லை. இந்த இருதயம் மறுபடி எப்போது நிற்கும் என்று டாக்டராலும் சொல்ல முடியவில்லை. திங்கட்கிழமை மட்டும் நிச்சயமாக வருகிறது. நான் தோட்டத்துக்குத் திரும்பப் போவதில்லை. தாங்கள் கூப்பிடும் வரை கச்சேரி முற்றத்தில் நிற்பேன். பொலிசார் வந்தால் அவர்களோடு போவேன். சிறைக்குள் என் நாடி நின்றால் விழுகிறவன் நான் ஒருவன்தான்.

பதுளை,
16-11-1923, வெள்ளிக்கிழமை.

தங்கள் உத்தரவுக்காக முற்றத்தில் காத்திருக்கும்,
சி. இராமையா (கையொப்பம்)

எட்டாம் பத்தியில் உள்ளது நான் சொன்னதே. எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது.
முருகையா மனைவி இராக்கம்மா (இடது பெருவிரல் ரேகை)